பின்னிரவு நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சிக்கென்று இருக்கும் தொகுப்பாளர் நாற்காலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜானி கார்சன் 1962 அக்டோபரில் என்பிசி தொலைக்காட்சியின் ‘தி டுநைட் ஷோ’வில் உட்கார்ந்தார்; எழுந்தது 1992 மே மாதம். இடைப்பட்ட முப்பது ஆண்டில் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இன்றும் ஆசைப்படுகிறவர்கள் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள், அதன் பின்னால் இருக்கும் அன்றாட வேலையைப் பார்ப்பதில்லை. வாரத்துக்கு நான்கைந்து நாள், விளம்பரம் போக ஏறத்தாழ நாற்பது நிமிடம். காலையில் செய்திகளை அலசும் கூட்டம், பிற்பகலில் ஒத்திகை, மாலை ஐந்தரை வாக்கில் ரசிகர்கள் முன் பதிவு, இரவு 11.35க்கு ஒளிபரப்பு. மறுநாள் காலையில் எழுதியதெல்லாம் பழசாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

புகழை நம்பி இதில் இறங்குவது பழைய தவறு. செவி சேஸ் 1993 செப்டம்பரில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக நிகழ்ச்சி தொடங்கியபோது நாடறிந்த திரைப்பட நடிகர். ஐந்தே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். 1998இல் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சனுக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். அதுவும் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. இருவரையும் மக்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒருவரைப் பிடிப்பது வேறு, அவர் தினமும் வீட்டுக்குள் வந்து பேசுவதைக் கேட்பது வேறு. படப்பிடிப்பில் சரியாக வராததை இன்னொருமுறை எடுக்கலாம். இங்கே ஜோக்குக்குச் சிரிப்பு வராவிட்டால், அடுத்த மூன்று நொடியைத் தொகுப்பாளரே சமாளித்தாக வேண்டும். தோற்ற ஜோக்கிலிருந்து ஒரு சிரிப்பை மீட்டெடுப்பதில்தான் கார்சன் ஆளே தனி.

அந்தப் பழக்கம் சிறிய இடங்களில்தான் படியும். கார்சன் ஓமாஹா வானொலியில் தொடங்கி, ஏபிசியின் பகல்நேர வினாடி வினாவை ஐந்து ஆண்டு நடத்திவிட்டு வந்தவர். இன்னொரு பின்னிரவுத் தொகுப்பாளரான டேவிட் லெட்டர்மன் முன்பு இண்டியானாபொலிஸில் உள்ளூர் நிலையத்தின் வானிலை அறிவிப்பாளர். ஜிம்மி கிம்மல் ஊர் ஊராக வானொலி வேலை பார்த்து, சிலவற்றிலிருந்து நீக்கவும் பட்டவர். இன்று அதற்கு இணையான வழி, ஐம்பது அறுபது பேர் உட்காரும் அரங்கில் மாதம் ஒருமுறையாவது சொந்தமாக ஓர் உரையாடல் நிகழ்ச்சி நடத்துவது. கிறிஸ் கெதார்ட் நியூயார்க்கில் அப்படி மேடையில் தொடங்கி, பொதுமக்களுக்கான இலவச உள்ளூர் அலைவரிசைக்குப் போய், அங்கிருந்து கேபிள் தொலைக்காட்சி வரை அதே நிகழ்ச்சியைக் கொண்டுபோனார்.

எழுத்தாளர் வேலைக்கு அனுப்பும் பாக்கெட்

கோனன் ஓ’பிரையன், சேத் மேயர்ஸ் ஆகிய தொகுப்பாளர்களைப் போல, நிகழ்ச்சிக்கு ஜோக் எழுதும் எழுத்தாளர் அறை வழியாக வருவது மற்றொரு பாதை. அதன் வாசலில் நிற்பது ‘பாக்கெட்’ எனப்படும் மாதிரிப் படைப்புத் தொகுப்பு. திறமைசாலிகள் பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

முதல் தவறு, யாரும் கேட்காமலே அனுப்புவது. முன்பின் தெரியாதவரின் ஜோக்கைப் படித்துவிட்டு, பிறகு அதைப் போன்ற ஒன்று நிகழ்ச்சியில் வந்துவிட்டால் வழக்கு வரும். அதனால் ஏஜென்ட் மூலமாகவோ, வழக்கு போடமாட்டேன் என்ற உரிமை விலக்குப் படிவத்தில் கையெழுத்திட்டோ வராததைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். அழைப்பு வந்தபின் அனுப்புகிறவர்கள் அளவில் கோட்டை விடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறினாலும், பொதுவாகக் கேட்பது ‘மோனோலாக்’ எனப்படும் தொடக்கப் பேச்சுக்கான பத்துப் பதினைந்து ஜோக்குகளும், மேசையில் உட்கார்ந்தபடி தொகுப்பாளர் செய்யக்கூடிய இரண்டு மூன்று பகுதிகளும். ஐந்து பக்கம் கேட்டால் ஐந்தே பக்கம். பத்து பக்கம் அனுப்பினால் ‘இவருக்கு வெட்டத் தெரியவில்லை’ என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

ஜோக்கின் முதல் பாதி ஒரே வாக்கியத்தில், உண்மைச் செய்தியாக இருக்க வேண்டும். அதிலேயே கிண்டலைச் சேர்த்தால் முடிவில் வெடிக்க எதுவும் மிஞ்சாது. தலைப்புச் செய்தியைப் படித்தவுடன் மனதில் தோன்றும் முதல் கிண்டல், அதே நாளில் இன்னும் இருநூறு பேருக்கும் தோன்றியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவதைத் தேடுங்கள். பத்து வேண்டுமென்றால் முப்பது எழுதி இருபதை அடியுங்கள். கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது ஜோக்குகளைப் புதுப்பிப்பது நல்லது, நான்கு நாள் பழைய செய்தி பளிச்சென்று தெரிந்துவிடும். மேசைப் பகுதியைப் பொறுத்தவரை, வாரா வாரம் வேறு விஷயத்தை இட்டு நிரப்பக்கூடிய வடிவத்துக்குத்தான் மதிப்பு. லெட்டர்மனின் ‘டாப் டென்’ பட்டியல் பல்லாண்டு ஓடியது அதனால்தான். பெரிய நட்சத்திரம் வர வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும் என்றெல்லாம் எழுதினால் எவ்வளவு சிரிப்பு வந்தாலும் பயனில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தத் தொகுப்பாளரின் வாயில் உட்காரும்படி எழுதுவது. மேயர்ஸுக்கு எழுதியதைப் பெயர் மாற்றி, ‘டுநைட்’ தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலனுக்கு அனுப்பினால் முதல் பக்கத்திலேயே பிடிபடும்.

ஐந்து நிமிடம்

ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை மேடை வழியாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் நேரம் நாலரையிலிருந்து ஐந்து நிமிடம். லெட்டர்மன் 1978 நவம்பரில் கார்சன் முன் முதன்முறை நின்றதும் இப்படித்தான். கிளப்பில் ஒரு மணி நேரம் அசத்துகிறவர்கள், அதிலிருந்து ஐந்து நிமிடத்தை அப்படியே வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தத் துண்டு தனியாக நிற்காது. முதல் சிரிப்பு இருபது நொடிக்குள் வர வேண்டும். கூட்டத்தோடு பேசி நேரம் கடத்தக் கூடாது. சொல்லப்போவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவு நிறுவனப் பெயர்களையும் கெட்ட வார்த்தைகளையும் பார்த்து அடிக்கும். ஒரு வரியை எடுத்தால் சரியும்படி கட்டிய ஜோக்குத் தொகுப்பு அங்கே நொண்டும். பதிவு நாளில் புது ஜோக்கைச் சோதிக்காதீர்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

விருந்தினரோடு

நேர்காணல் தானாக நடப்பதுபோலத் தெரிந்தாலும், ஒரு தயாரிப்பாளர் முன்கூட்டியே விருந்தினரிடம் தொலைபேசியில் பேசி, எந்தக் கதையை எந்தக் கேள்விக்குச் சொல்வார் என்று குறித்து வைத்திருப்பார். தொகுப்பாளர் கையில் இருக்கும் அட்டையில் அதுதான் இருக்கும். புதியவர் அட்டையைப் படிப்பதில் மும்முரமாகி, எதிரே இருப்பவர் சொன்ன சுவையான ஒரு வரியைக் கோட்டை விடுவார். அதைவிட மோசம், கதையின் முடிவு தனக்குத் தெரியும் என்பதால் விருந்தினருக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. ஆறேழு நிமிடத்தில் சிரிப்பு வாங்க வேண்டியவர் விருந்தினர்.

முதல் ஆண்டு

நாற்காலி கிடைத்தபின் வரும் தவறுகள் வேறு வகை. எல்லாவற்றையும் தானே பார்ப்பது அதில் ஒன்று. ஸ்டீபன் கோல்பேர் 2015 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘தி லேட் ஷோ’வுக்கு வந்த முதல் சில மாதங்கள் தடுமாறினார். 2016இல் கிறிஸ் லிக்ட் ஷோ ரன்னராக, அதாவது நிகழ்ச்சியை நடத்தும் தலைமைத் தயாரிப்பாளராக வந்து நிர்வாகச் சுமையை எடுத்துக்கொண்டபின், அன்றைய அரசியலை அன்றே பேசும் வேலையில் கோல்பேர் முழுமூச்சாக இறங்க முடிந்தது. 2016-17 பருவத்தில் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கையில் ‘டுநைட்’டை முந்தினார்கள்.

முன்னவரின் வடிவத்தை அப்படியே போர்த்திக்கொள்வதும் தவறுதான். மேயர்ஸ் 2014இல் என்பிசியின் ‘லேட் நைட்’டுக்கு வந்து, வழக்கம்போல் நின்றுகொண்டு மோனோலாக் சொல்லத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மேசைக்குப் பின் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். செய்தி வாசிப்பது போன்ற அந்த நிலையில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ காலத்திலேயே கைதேர்ந்தவர் அவர். மாற்றம் உடனே தெரிந்தது.

முதல் விமர்சனங்களைப் படித்துவிட்டுப் பதறுவதும் கூடாது. கோனன் 1993இல் அதே ‘லேட் நைட்’டைத் தொடங்கியபோது பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நிறுவனம் பதின்மூன்று வாரம், பதின்மூன்று வாரமாகத்தான் நீட்டித்தது. அவர் அந்த நிகழ்ச்சியில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தார். லெட்டர்மனின் காலை நிகழ்ச்சி 1980இல் நான்கே மாதத்தில் மூடப்பட்டது. அடுத்த வாய்ப்பு 1982இல் அதே நிறுவனத்திடமிருந்துதான் வந்தது.

ஒப்பந்தமும் உறவும்

நகைச்சுவைக்காரர்கள் சலித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் தள்ளிவிடும் பகுதி இது. கோனன் 2009 ஜூனில் ‘டுநைட்’டை ஏற்றார். ஏழு மாதத்துக்குள் என்பிசி அதை நள்ளிரவு 12.05க்குத் தள்ளி, 11.35ஐ ‘டுநைட்’டின் முந்தைய தொகுப்பாளர் ஜே லெனோவுக்குக் கொடுக்கப் பார்த்தது. ஒளிபரப்பு நேரத்தை உறுதிசெய்யும் பிரிவு கோனனின் ஒப்பந்தத்தில் இல்லை என்று அப்போது பரவலாக எழுதினார்கள். 2010 ஜனவரியில் ஏறத்தாழ 4.5 கோடி டாலர் இழப்பீட்டோடு விலகினார். அதில் சுமார் 1.2 கோடி, அவரை நம்பி நியூயார்க்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் உள்ளிட்ட ஊழியர்களுக்குப் போனது. நிகழ்ச்சியின் பெயரை மட்டும் வாங்கினால் போதாது, நேரத்தையும் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது, உருவாக்கியதற்கு யார் சொந்தம் என்பது. லெட்டர்மன் 1993இல் சிபிஎஸ்ஸுக்கு மாறியபோது பழைய பகுதிகள் தனக்குச் சொந்தம் என்றது என்பிசி. அவரோடு வந்த நடிகர் கால்வர்ட் டிஃபாரஸ்ட், ‘லாரி பட் மெல்மன்’ என்ற பாத்திரப் பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் தோன்ற வேண்டியதாயிற்று. கோல்பேர் முந்தைய நிகழ்ச்சியில் ஏற்றிருந்த பாத்திரத்துக்கும் 2016இல் இதே சிக்கல் வந்தது.

விலகும் விதமும் கணக்கில் வரும். கார்சன் இல்லாத நாட்களில் அவர் இடத்தில் அமர்ந்த ஜோன் ரிவர்ஸ், 1986இல் ஃபாக்ஸில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார். அந்தச் செய்தி கார்சனை மற்றவர் வாயிலாக எட்டியது. அதன்பின் அவர் ரிவர்ஸோடு பேசவே இல்லை. ‘டுநைட்’ கதவு ரிவர்ஸுக்குத் திறந்தது 2014இல், ஃபாலன் வந்தபிறகு. போட்டிக்குப் போவதில் தவறில்லை. ஊரார் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும்.

பழைய பதிவுகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். செய்திகளைக் கிண்டலடிக்கும் ‘தி டெய்லி ஷோ’வுக்குத் தொகுப்பாளராக டிரெவர் நோவா 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்டவுடன் அவருடைய பழைய ட்வீட்டுகளைத் தோண்டினார்கள். அவர் தப்பினார். அதே நாற்காலிக்கு 2023இல் பேசப்பட்ட ஹசன் மின்ஹாஜ், தன் மேடைக் கதைகளில் நடக்காததைச் சேர்த்திருந்தார் என்று ‘நியூயார்க்கர்’ இதழ் எழுதியபின் வாய்ப்பை இழந்தார். கிளப்பில் மிகைப்படுத்தலாம். செய்தியை வைத்து நம்பிக்கை சம்பாதிக்கும் நிகழ்ச்சிக்குப் போகிறவர், எது நடந்தது எது கற்பனை என்று தனியே குறித்து வைத்திருப்பது அவசியம்.

இப்போது நாற்காலிகளே குறைந்துவருகின்றன. மேயர்ஸ் நிகழ்ச்சியின் இசைக்குழுவை 2024இல் செலவு காரணமாக எடுத்துவிட்டார்கள். ‘தி லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. கோனன் 2018இலேயே பாட்காஸ்ட் தொடங்கி, தன் ‘டீம் கோகோ’ நிறுவனத்தை 2022இல் சிரியஸ்எக்ஸ்எம் வானொலி நிறுவனத்துக்கு விற்றார். புதிதாகக் கையெழுத்திடுகிறவர்கள் மூன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: பாட்காஸ்ட் தன் பெயரில் இருக்குமா, இணையத்தில் போடும் நிகழ்ச்சித் துண்டுகளின் வருமானத்தில் பங்கு உண்டா, நிகழ்ச்சி நின்றால் வேறு திரையில் தோன்ற எத்தனை மாதம் தடை. கோனன் விலகியபின் அந்தத் தடை 2010 செப்டம்பர் வரை இருந்தது; அதுவரை தொலைக்காட்சிக்கு வர முடியாமல் ஊர் ஊராக மேடையேறினார்.