பள்ளி அணிக்குச் சிங்கம் வேண்டாம்: பெயரும் சின்னமும் உருவாக்குவது எப்படி?

குறுவட்டப் போட்டிகளுக்கு வரும் பள்ளி அணிகளுக்குப் பெரும்பாலும் பள்ளியின் பெயர்தான் பெயர். தனிப்பெயர் வைத்துக்கொள்ளும் சில அணிகளும் சிங்கம், புலி, கழுகு என்று நின்றுவிடுகின்றன. உள்ளூரிலேயே தேடுவது எப்படி என்பதை வேதாரண்யம் பக்கத்துப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்துப் பார்ப்போம்.

படி 1: ஊரைப் பட்டியலிடுங்கள்

விலங்கு, பறவை, பயிர், தொழில், பழைய கதை என எல்லாவற்றையும் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். வேதாரண்யம் என்றால் உப்பு, பூநாரை, வெளிமான் மூன்றும் உடனே வந்துவிடும். 1930 உப்புச் சத்தியாகிரகம் பெரிய பெருமைதான். ஆனால் உப்பு மூட்டைக்கு யார் கை தட்டுவார்கள்? வெளிமானை எடுத்துக்கொள்வோம். கோடியக்கரை சரணாலயம் 1967-இல் அமைக்கப்பட்டதே அதற்காகத்தான். ஓட்டத்துக்கும் பேர்போனது.

கதை விசித்திரமாக இருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் யூமா உயர்நிலைப் பள்ளி 1910-இல் தீக்கிரையானதும், மூடப்பட்டிருந்த சிறைச்சாலையில் சில ஆண்டுகள் வகுப்புகள் நடந்தன. எதிரணியினர் ‘குற்றவாளிகள்’ என்று கேலி செய்ய, பள்ளி அதையே அணியின் பெயராக்கிக்கொண்டது. இன்றும் அதுதான் பெயர்.

படி 2: மைதானத்தில் கத்திப் பாருங்கள்

ஒருவர் இந்தக் கோடியில் நின்று கத்த வேண்டும். மற்றவர் அந்தக் கோடியில் நின்று கேட்க வேண்டும். ‘வெளிமான், வெளிமான்’ என்னும்போது கடைசி நெடில் தூரம்வரை போகிறது. உகரத்தில் முடியும் பெயர்கள் கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிவிடும்.

படி 3: யாருக்கு உறுத்தும் என்று கேளுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. நம் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடச் சாதியைச் சொல்கிறது; வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது அதனால்தான். எனவே நிறங்களை முடிவு செய்யும்முன் உள்ளூர் ஆசிரியர்கள் சிலரிடம் கேட்டுவிடுங்கள். சாதிகள் உரிமை கொண்டாடும் மன்னர் பெயர்களைத் தொடவே வேண்டாம். சூரியன், இலை முதலியவை கட்சிச் சின்னங்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கூட்டம் எதையும் சின்னமாக்காதீர்கள்: கலிஃபோர்னியாவில் ‘அரபிகள்’ என்ற பெயரில் ஆடிய ஒரு பள்ளி, எதிர்ப்பு எழுந்தபின் 2014-இல் தன் சின்னத்தை மாற்ற நேர்ந்தது.

படி 4: வரையுங்கள்

இரண்டே நிறங்கள் போதும். வெளிமான் கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மேலே முறுக்கிய கொம்புகள். வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்து, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் மான் என்று தெரிந்தால் ஜெர்சியில் அச்சிடலாம்.

படி 5: வேடம்

வெளிநாட்டுப் பாணியில் உடல் முழுவதையும் மூடும் பஞ்சு உடை நம் வெயிலுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் பிள்ளை மயங்கி விழும். பொய்க்கால் குதிரையின் கூடு நம்மிடம் இருக்கிறதே! மரக்கால்களை விட்டுவிட்டு, மூங்கில் சட்டத்தில் காகிதமும் துணியும் ஒட்டி, தோளில் மாட்டி இடுப்பில் நிற்கும்படி செய்யுங்கள். முகம் வெளியே இருப்பதால் மூச்சு முட்டாது. குதிரைத் தலைக்குப் பதில் மான் தலை. கொம்பு நுனியில் பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றிவிடுங்கள். வென்ற அணி முதலில் ஓடிவந்து கட்டிப்பிடிப்பது அந்த மானைத்தான்.