விண்வெளிப் பேரரசு ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் வெளிவந்தது 1996-இல். இன்றும் புதிதாக இதை ஆட வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கும். பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. ஆரம்பத்தில் நானும் என்னோடு ஆடியவர்களும் எங்கெங்கே சறுக்கினோமோ, சரியாக அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

சேவ் செய்ய மறப்பது, காலனியில் (நாம் குடியேறிய கோளில்) எதையும் கட்டச் சொல்லாமல் டர்னை (நம் முறையை) முடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஓர் ஆட்டம் தோற்றால் தானாகவே புரிந்துவிடும். தோற்ற பிறகும் ஏன் தோற்றோம் என்று தெரியாத தவறுகள் சில உண்டு. அவைதான் ஆபத்தானவை. உதாரணங்கள் எல்லாம் இந்த ஆட்டத்திலிருந்து எடுத்தவை. ஆனாலும் நட்சத்திர வரைபடம், காலனி, கப்பற்படை என்று டர்ன் டர்னாகப் போகும் எந்த ஆட்டத்துக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

எடுத்தவுடன் ஆயுத ஆராய்ச்சி

இந்த ஆட்டத்தில் ஆராய்ச்சியின் பெரும்பாலான படிகளில் இரண்டு மூன்று பொருட்களைக் காட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மற்றவை போனது போனதுதான். அப்புறம் வேறு இனத்தோடு பண்டமாற்று செய்தோ, உளவாளியை அனுப்பித் திருடியோ, எதிரியிடமிருந்து பறித்தோதான் வாங்க முடியும். சைலான் மாதிரி படைப்புத்திறன் உள்ள இனத்துக்கு மட்டும் எல்லாமே கிடைக்கும்.

கட்டுமானத் துறையில் சீக்கிரமே வரும் ஒரு படியில் மூன்று பொருட்கள் இருக்கும்: தானியங்கித் தொழிற்சாலை, கனமான கவசம், ஏவுகணைத் தளம். புதியவர்களின் கை கவசத்துக்கோ ஏவுகணைக்கோதான் போகிறது. "முதல்ல பாதுகாப்பு" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கனிமவளம் உள்ள கோளில் ஒரு தொழிலாளி ஒரு டர்னுக்கு 3 அலகு உற்பத்தி செய்கிறார். தொழிற்சாலை வந்தால் தொழிலாளி ஒருவருக்கு 1 கூடும், கோளுக்கு மொத்தமாக 5 கூடும். அதாவது 3 என்பது 9 ஆகிறது. சின்னக் காலனி ஒவ்வொன்றும் மூன்று மடங்கு வேலை செய்யும். அதை விட்டுவிட்டுக் கவசத்தை எடுத்தால், அந்தக் கவசத்தைப் போட்டுக் கப்பல் கட்டவே உற்பத்தி இருக்காது.

தொழிற்சாலை, அடுத்து ஆய்வுக்கூடம், அதற்குப் பிறகு ஆயுதம். பக்கத்து நட்சத்திரத்திலேயே சண்டைக்கார இனம் ஒன்று உட்கார்ந்திருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம்.

தாய்க்கோள் நிரம்பி வழிய, காலனிகள் காலியாக

மக்கள்தொகை எல்லா நேரத்திலும் ஒரே வேகத்தில் வளராது. கோளின் கொள்ளளவில் பாதி நிரம்பியிருக்கும்போதுதான் வளர்ச்சி அதிகம். முழுக்க நிரம்பினால் நின்றுவிடும். ஒரே ஓர் அலகு மக்களோடு தொடங்கும் புதுக் காலனியிலும் மெதுவாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, தாய்க்கோள் நிரம்பி வளர்ச்சி நின்றுபோயிருக்கும், புதுக் காலனியில் ஒற்றைத் தொழிலாளி டர்னுக்கு 3 அலகாகத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருப்பார். தொழிற்சாலையின் விலை 60. இருபது டர்ன் ஆகும்.

தாய்க்கோளிலிருந்து இரண்டு பேரை அனுப்பிவையுங்கள். மூன்று தொழிலாளர்கள், டர்னுக்கு 9, ஏழு டர்னில் வேலை முடிந்தது. இடம் காலியான தாய்க்கோளும் மறுபடி வளர ஆரம்பிக்கும். ஓர் அலகு மக்களை நகர்த்த 5 சரக்குக் கப்பல் வேண்டும், அவ்வளவுதான். சரக்குக் கப்பல் கட்டுவதை வீண்செலவு என்று நினைக்கிறவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள்.

காசு கொடுத்து முடிக்கும் வசதியும் உண்டு. தொடங்கிய அன்றே வாங்காதீர்கள், விலை அதிகம். பாதி வேலை முடிந்தபின் வாங்கினால் மிச்சத்துக்கு அலகு விலை நன்றாகக் குறைந்திருக்கும்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு கப்பல் காவல்

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சல் தருகிறது. செய்கிறவருக்கு இது பொறுப்பான காரியமாகத் தெரிகிறது. அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

தெரிந்த தம்பி ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், பொருளாதாரத்தை அருமையாகக் கொண்டுபோனான். ஆறு காலனிகள், ஒரே மாதிரி கட்டிய 12 டிஸ்ட்ராயர்கள் (சிறிய போர்க்கப்பல்கள்). வரைபடத்தில் அவனுடைய நட்சத்திரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவன் நிறத்தில் ஒரு சின்னக் கப்பல் படம். "அண்ணே பாருங்க, ஒரு காலனிகூட காவல் இல்லாம இல்ல" என்றான். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவா என்றேன். "அப்ப மத்ததெல்லாம் திறந்து கிடக்குமேண்ணே" என்று மறுத்துவிட்டான்.

எதிரி எட்டு டிஸ்ட்ராயரோடு வந்தது. கிட்டத்தட்ட அதே லேசர், அதே கவசம். ஓரத்து நட்சத்திரத்தில் இருந்த இரண்டும் சண்டை சூடாகும் முன்பே போய்விட்டன. அடுத்த நட்சத்திரத்துக் காவலை அவன் உதவிக்கு அனுப்பியிருந்தான். அது வந்து சேர்ந்தது அதற்கடுத்த டர்னில், தனியாக. ஹைப்பர்ஸ்பேஸ் தகவல்தொடர்பு என்ற தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்கும் வரை, புறப்பட்ட கப்பலைப் பாதி வழியில் திருப்ப முடியாது. முதல் இரண்டும் அழிந்ததைப் பார்த்துக்கொண்டே அடுத்த இரண்டையும் இழந்தான். இப்படியே ஆறு இடமும். கடைசியில் "கம்ப்யூட்டர் ஏமாத்துதுண்ணே" என்றான். கடினமான நிலைகளில் கம்ப்யூட்டருக்குச் சலுகை உண்டு என்பது நிஜம்தான். ஆனால் அந்தச் சண்டையில் அவனிடம் இருந்தது 12, எதிரியிடம் 8.

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பொறியாளர் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற சண்டையில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கைப்படி கூடுவதில்லை, எண்ணிக்கையின் வர்க்கப்படி கூடுகிறது. காரணம் எளிது. கப்பல் கூடினால் நம்முடைய அடியும் கூடுகிறது, எதிரியின் அடி பல கப்பல்களுக்குப் பிரிந்தும் போகிறது. இரண்டு லாபம் ஒரே நேரத்தில்.

தம்பியின் ஆட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். 12 கப்பலும் சேர்ந்து நின்றிருந்தால் 144. எதிரி 64. மிச்சம் 80, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 9. அதாவது எட்டு எதிரிக் கப்பலும் அழியும், நமக்கு ஒன்பது மிஞ்சும். நஷ்டம் மூன்றே மூன்று.

இரண்டிரண்டாக நின்றால்? ஒவ்வொரு ஜோடியின் பலமும் 4. எதிரியின் 64 முதல் சண்டையில் 60 ஆகும், அடுத்ததில் 56, ஆறாவது சண்டை முடியும்போது 40. வர்க்கமூலம் ஆறேகால். நம்முடைய பன்னிரண்டும் போயிருக்கும், எதிரிக்கு முழுதாக இரண்டு கப்பல்கூடப் போயிருக்காது. கப்பல் அதேதான், ஆயுதமும் அதேதான். நிறுத்திய இடம்தான் வேறு.

என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியது இதற்கு அப்புறம் நடந்தது. அடுத்த ஆட்டத்தில் அவன் 18 கப்பல் கட்டி, ஆறு இடத்தில் மும்மூன்றாக நிறுத்தினான். தோல்விக்குக் காரணம் கப்பல் போதாததுதான் என்று முடிவுகட்டிவிட்டான். மும்மூன்றின் பலம் 9. ஆறு சண்டைக்கு 54. எதிரியின் 64-இல் இன்னும் 10 மிச்சம், அதாவது மூன்று கப்பல். பதினெட்டையும் தின்றுவிட்டு எதிரி ஜெயிக்கும்! நிஜ ஆட்டத்தில் தூரம், ஏவுகணை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து இந்த எண்களைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் கணக்கு சாய்கிற பக்கம் மாறாது. கூடுதலாகக் கட்டிய அந்த ஆறு கப்பல்களுக்கு ஆன உற்பத்தி நிஜமான உற்பத்தி. ஆய்வுக்கூடங்களாக, காலனிக் கப்பல்களாக ஆகியிருக்க வேண்டியது அது.

சரி, என்ன செய்வது?

முதலில், எதிரியால் உங்களுடைய எந்தெந்த நட்சத்திரத்துக்கு வர முடியும் என்று பாருங்கள். எரிபொருள் எல்லையைத் தாண்டி யாராலும் பறக்க முடியாது. ஆறு காலனியில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் இரண்டு மூன்றுக்குத்தான். அந்த மூன்றுக்கும் குறைந்த டர்னில் போய்ச் சேரக்கூடிய நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மொத்தப் படையையும் அங்கே நிறுத்துங்கள். வரைபடத்தின் நடு எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை டர்ன் ஆகிறது என்று எண்ணுங்கள்.

மற்ற இடங்களைக் காலனியே பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டார் பேஸ் (கோளின் மேலே நிற்கும் காவல் நிலையம்) கட்டினால் அது அங்கேயே நின்று சண்டை போடும், கமாண்ட் பாயின்ட்டையும் (எத்தனை கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவையும்) ஒன்று கூட்டும். கப்பலோ அந்தப் பாயின்ட்டைச் சாப்பிடும். ஃப்ரிகேட்டுக்கு 1, டிஸ்ட்ராயருக்கு 2, க்ரூஸருக்கு 3. போதாமல் போகும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் டர்னுக்கு 10 பிசி (ஆட்டத்தின் காசு) கஜானாவிலிருந்து போகும். காவல் கப்பல்களை அடுக்கிக்கொண்டே போய்ப் பணம் தீர்ந்து தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் ஓரத்துக் காலனி ஒன்று அடி வாங்கத்தான் செய்யும். வாங்கட்டும். எதிரி முற்றுகை போட்டால் அங்கே உணவு போய்ச் சேராது, குண்டு போட்டால் மக்கள் குறைவார்கள், படைவீரர்களை இறக்கினால் காலனியே கைமாறும். மூன்றுமே வலிக்கும். ஆனால் இரண்டு மூன்று டர்னில் பன்னிரண்டு கப்பலோடு போய் அங்கே நிற்கும் எதிரியை மொத்தமாக அழித்துவிட்டால், அந்தக் காலனி திரும்ப வரும், எதிரிக்குப் படையே இருக்காது. காலனியை மறுபடி பிடிக்கலாம். சிதறிப்போன படையை மறுபடி கட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இதே தவறு தாக்கும்போதும் வேறு வேஷத்தில் வரும். மூன்று கப்பல் தயாரானதும் எதிரி நட்சத்திரத்துக்கு அனுப்புவது, அடுத்த மூன்று தயாரானதும் அதன் பின்னால் அனுப்புவது. கணக்கு மேலே சொன்னதேதான். உங்கள் எல்லைக்குள் ஒரு நட்சத்திரத்தைச் சேருமிடமாக வைத்துக்கொண்டு, புதுக் கப்பல் எல்லாம் அங்கே வரட்டும். போதும் என்று தெரிந்தபின் ஒன்றாகக் கிளம்புங்கள்.

ஒரு ஸ்கவுட்டை (வேவுக் கப்பலை) ஓரத்து நட்சத்திரத்தில் விட்டுவைப்பது இதில் சேராது. அது காவல் இல்லை, கண். எதிரி வருவது சில டர்ன் முன்பே தெரிந்தால்தான் ஒரே இடத்தில் நிற்கும் படைக்குப் பயன்.

ஒரே கப்பலில் எல்லா ஆயுதமும்

வேண்டாம். லேசர் கப்பல் லேசர் கப்பலாக இருக்கட்டும், குண்டு போடும் கப்பல் குண்டு போடட்டும்.

படைவீரர் இல்லாமல் போருக்குப் போவது

போர்க்கப்பல்கள் ஜெயித்துவிடும், எதிரிக் காலனி கீழே அப்படியே இருக்கும். பிடிக்க ஆள் இல்லை. ட்ரான்ஸ்போர்ட் (வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்) கட்டி அனுப்பப் பல டர்ன் ஆகும் என்று தெரிந்ததும் பொறுமை போய்க் குண்டு போட ஆரம்பிக்கிறார்கள். மக்களும் கட்டிடங்களும் சேர்ந்து போய்விடும். அவற்றுக்காகத்தானே போருக்கே போனோம்! ஒரு ட்ரான்ஸ்போர்ட்டில் 4 அலகு படைவீரர்கள் போவார்கள். கீழே எதிரிக்கு எத்தனை பேர் என்று பார்த்து, அதைவிடக் கூடுதலாகப் படையோடு சேர்த்தே அனுப்புங்கள்.

சீக்கிரமே ஓரியனைத் தொடுவது

ஓரியன் என்ற நட்சத்திரத்தில் மிகப் பலமான காவலன் கப்பல் ஒன்று இருக்கிறது. போகாதீர்கள்.

அன்டாரன்களோடு முதல் ஆட்டம்

அன்டாரன்கள் வெளியிலிருந்து வந்து எல்லாரையும் தாக்கும் இனம். நடு ஆட்டத்துக்குப் பிறகு இவர்கள் எந்தக் காலனியில் வந்து விழுவார்கள் என்று சொல்ல முடியாது. இந்தப் பயம்தான் பலரை மறுபடி கப்பல்களைப் பிரித்து நிறுத்த வைக்கிறது. கற்றுக்கொள்ளும்வரை, புது ஆட்டம் தொடங்கும் திரையிலேயே அன்டாரன் தாக்குதலை அணைத்து வைத்துவிடுங்கள். படையைச் சேர்த்து நகர்த்துவது கைக்குப் பழகியபின் போட்டுக்கொள்ளலாம்.