இணையம் இல்லாத சர்வரில் அன்சிபிளை நிறுவுதல்

நான் பராமரிக்கும் சர்வர்கள் பலவற்றுக்கு இணைய இணைப்பே கிடையாது. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவியான அன்சிபிளை அங்கே நிறுவ நான் பின்பற்றும் முறை இது.

முதல் வேலை வெர்ஷனைத் தீர்மானிப்பது. புதியது வந்திருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். நிர்வகிக்கப்போகும் கணினிகளில் எது மிகப் பழையதோ, அதைப் பார்த்து முடிவெடுங்கள். எதிர்முனையில், அதாவது நிர்வகிக்கப்படும் கணினியில், ஏஜென்ட் (அங்கே நிரந்தரமாக ஓடும் துணை நிரல்) எதுவும் வேண்டாம், எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) போதும் என்பது சரிதான். ஆனால் அன்சிபிள் அனுப்பும் மாட்யூல்களில் (ஒவ்வொரு வேலைக்குமான சிறு நிரல்கள்) பெரும்பாலானவை அங்குள்ள பைதானில்தான் ஓடும். அன்சிபிளின் மையப் பேக்கேஜான அன்சிபிள்-கோரில் 2.17 முதல் எதிர்முனையில் பைதான் 3.6-க்கு ஆதரவு இல்லை. ரெட் ஹேட் லினக்ஸ் 8-இன் சிஸ்டம் பைதானோ (சிஸ்டத்தோடு வரும் பைதான்) 3.6. அங்கே புதிய பைதானைத் தனியாகப் போட்டாலும், பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப் மாட்யூலுக்கு வேண்டிய லைப்ரரி சிஸ்டம் பைதானோடுதான் இருக்கிறது. அப்படி ஒரே ஒரு கணினி இருந்தாலும் நான் 2.16-ஐத் தாண்டமாட்டேன்.

அடுத்து, இணையம் உள்ள ஒரு கணினியில், பைதான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் டவுன்லோட் கட்டளையை அன்சிபிள்-கோருக்காக ஓட்டுங்கள். வெர்ஷன் எண்ணை இரட்டைச் சமக்குறி போட்டுக் கொடுங்கள். சார்பு பேக்கேஜ்களும் சேர்ந்தே இறங்கும். அந்தக் கணினியின் லினக்ஸ், பிராசசர், பைதான் வெர்ஷன் மூன்றும் சர்வரில் உள்ளவையாகவே இருக்கட்டும். கிரிப்டோகிராஃபி போன்ற பேக்கேஜ்கள் கம்பைல் செய்த வீல்களாக (நிறுவத் தயாரான பேக்கேஜ் ஃபைல்கள்) வருகின்றன, இடம் மாறினால் பொருந்தாமல் போகலாம்.

அங்கேயே வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (பைதான் பேக்கேஜ்களுக்கான தனி ஃபோல்டர்) உருவாக்கி அப்படியே காப்பி செய்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். அதிலுள்ள ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பைதானின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். வேறு பாதைக்கு நகர்த்தினால் ஓடாது. வீல்களை மட்டும் கொண்டுபோங்கள்.

சர்வரில் ஆப்ட் (/opt) டைரக்டரிக்குள் புதிய என்விரான்மென்ட் உருவாக்கி, நோ-இண்டெக்ஸ் (இணையத்தில் தேடாதே), ஃபைண்ட்-லிங்க்ஸ் (இந்த ஃபோல்டரில் தேடு) ஆப்ஷன்களோடு, வீல்கள் உள்ள ஃபோல்டரிலிருந்து பிப் கொண்டு நிறுவுங்கள். சிஸ்டம் பைதானில் நேரடியாக நிறுவ முயன்றால் டெபியன் லினக்ஸ் 12 மறுத்துவிடும். அந்த மறுப்பை மீற ஒரு ஆப்ஷன் உண்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் சில அந்தப் பைதானை நம்பியே ஓடுகின்றன.

கோர் பேக்கேஜில் அடிப்படை மாட்யூல்கள் மட்டுமே உண்டு. வேறு கலெக்‌ஷன்கள் (கூடுதல் மாட்யூல்களின் தொகுப்புகள்) தேவைப்பட்டால், அவற்றை இறக்கித் தரும் அன்சிபிள்-கேலக்ஸி கட்டளையின் டவுன்லோட் வசதியால் அவற்றையும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாக் கணினிகளுக்கும் பிங் மாட்யூலை ஓட்டுங்கள். இது நெட்வொர்க் பிங் அல்ல. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்து பைதான் ஓடுகிறதா என்று பார்ப்பது. பச்சை நிறத்தில் ‘பாங்’ என்று பதில் வராத கணினியில், முதலில் பைதான் வெர்ஷனைப் பாருங்கள்.