இறக்கிய அட்டையை அப்படியே மாட்டிவிடாதீர்கள்

என் வகுப்பில் ‘ஓ’வைக் காப்பாற்றியது ஒரு ஓணான்.

கடையில் வாங்கிய உயிரெழுத்து சார்ட்டில் ‘ஓ’வுக்கு ஓடம் போட்டிருந்தது. நீலத் தண்ணீர், வெள்ளைப் பாய், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “இது என்னடா கண்ணு?” என்றேன். “போட்டு, டீச்சர்” என்றான் ஒன்றாம் வகுப்புப் பையன். பக்கத்தில் இருந்தவள், “அய்யே, படகுடா” என்று அவனைத் திருத்தினாள். ஓடம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. படத்தின் பெயரைச் சொல்லி முதல் ஒலியைப் பிடிப்பதுதானே அந்த சார்ட்டின் வேலையே? ‘ஓ’வைக் காட்டினால் பாதிப் பேர் ‘போ’ என்றார்கள், மீதிப் பேர் ‘ப’ என்றார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளி வேலியில் தினமும் தலையாட்டும் ஓணானை வெள்ளைத்தாளில் வரைந்து ஓடத்தின் மேல் ஒட்டினேன். என் ஓவியம் பல்லி மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம். அதையும் ஒரு பிள்ளை சொல்லிவிட்டாள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஈராசிரியர் பள்ளியில் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலை. மலருக்கு நான் கதை வாசித்துக்கொண்டிருக்கும்போது அரும்பின் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் தலைமுடி இருக்கும். எல்லாவற்றையும் நானே வெட்டி ஒட்டித் தயாரிக்க ராத்திரி பத்தாது. அதனால் கடையில் வாங்கும், இணையத்தில் இறக்கும் ரெடிமேட் அட்டைகளும் பயிற்சித்தாள்களும் எனக்கு வேண்டும். ஆனால் வந்தபடியே வகுப்புக்குள் விடுவதில்லை.

முதலில், அச்சடிப்பதற்கு முன்பே போனில் படத்தைப் பெரிதாக்கி, கீழே இருக்கும் சொல்லை விரலால் மறைத்து, மூன்று பிள்ளைகளிடம் “இது என்ன?” என்று கேளுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் போதாது, அதற்கு உங்கள் தமிழ் பழகியிருக்கும். மூன்று பேரில் இரண்டு பேர் வேறு பெயர் சொன்னால் அந்தப் படம் வேண்டாம். உரலைக் காட்டினால் என் பிள்ளைகள் “கல்லு” என்கிறார்கள். நான் ‘உ’வுக்கு உப்புப் பாக்கெட்டையே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஆங்கில அட்டையில் ‘ஐ’க்கு இக்லூ என்று பனி வீடு வரும், ‘இங்க்’ பாட்டில் போதும்.

அடுத்தது எழுத்துப்பிழை. இதில் இரக்கமே காட்டக்கூடாது, சுவரில் தொங்கும் பிழையைப் பிள்ளை வருடம் முழுக்கப் படிக்கும். நான் முதலில் தேடுவது ஔ. பல கோப்புகளில் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ஒரு ‘ள’ அடித்திருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அதை “ஒள” என்றுதான் படிக்கும், அதன் மேல் தப்பே இல்லை. கௌ, மௌ வரிசையிலும் இதே கதை. பிறகு எண்ணுப் பெயர்கள்: 90 தொண்ணூறு, ‘தொன்னூறு’ இல்லை. 300 முந்நூறு, ‘முன்னூறு’ இல்லை. திறந்தவுடன் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தால் அது பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் செய்த கோப்பு. அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்குவதுதான் சுலபம்.

கணக்கு அட்டைகளில் காசு, காற்புள்ளி இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டுத் தாள்களில் லட்சத்தை 100,000 என்று பிரித்திருப்பார்கள், நமக்கு 1,00,000. விளையாட்டு நோட்டுக் கட்டில் 2000 ரூபாய் இன்னும் இருக்கிறதா? 2023 மே மாதமே ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது, எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கடைக்குக் கொண்டுபோவது பத்தும் இருபதும்தான், அதில் கூடுதலாக அச்சடியுங்கள்.

ஒரு தடவை நாற்பது பயிற்சித்தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு அவசரத்தில் பார்க்காமல் வாங்கி வந்தேன். மறுநாள் வகுப்பில் பிரித்தால் “சிவப்புப் பூக்களை எண்ணி எழுது” என்று இருக்கிறது. பூ எல்லாம் சாம்பல் நிறம். “எல்லாம் கருப்பா இருக்கு டீச்சர்” என்றார்கள். கடைசியில் கிரேயானைக் கொடுத்து, “உனக்குப் பிடிச்ச அஞ்சு பூவுக்கு மட்டும் சிவப்பு அடி” என்று மாற்றிச் சொல்லித் தப்பித்தேன். உண்மையில் அது மூலப் பயிற்சியைவிட நன்றாகவே ஓடியது. ஆனாலும், நிறத்தை நம்பியிருக்கும் தாளைக் கருப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள்.

இனி, வகுப்பில் அதிகம் உழைக்கும் எழுத்தட்டைகளுக்கு வருகிறேன். ஒரு ஏ4 தாளில் நான்கு அட்டை வருமாறு அச்சடித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அஞ்சலட்டையளவு இருக்கும். தரையில் பரப்பினால் வட்டமாக உட்கார்ந்த எட்டுப் பேருக்கும் தெரியும். பதினாறு வைத்த தாள்கள் தரைக்கு ஆகாது. லேமினேஷனுக்கு முழுத் தாளாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வெட்டாதீர்கள், ஓரம் திறந்துகொண்டு உரிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதலில் அட்டைகளை வெட்டி, உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, சூடேற்றிய பின் ஓரத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் விட்டு வெட்ட வேண்டும். கூர் முனைகளை நகவெட்டியால் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டால் கண்ணில் குத்தாது.

கடையில் விற்கும் கட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 247 எழுத்தும் இருக்கிறது என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘தாத்தா’ எழுத முடியாது! இரண்டு தா வேண்டும். ‘பாப்பா’வும் முடியாது, ‘மாமா’வும் முடியாது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதனால் 247-ஐத் தேடாமல், ட, ப, ம, பா, மா, தா, ட், ப், ம், த் என்று பத்துப் பன்னிரண்டு எழுத்தில் மூன்று மூன்று அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்கு அது தாராளம்.

அதை வைத்து நான் செய்வது இதுதான். வட்டத்தின் நடுவில் அட்டைகளைக் கொட்டி, “படம்” என்பேன். ஒருத்தி ப, ட, ம் மூன்றையும் பொறுக்கி வரிசையாக வைப்பாள். “இப்ப ஒரே ஒரு அட்டையை மட்டும் நடுவுல சொருகி அதைப் பறக்க விடு.” யோசிப்பார்கள். யாராவது ட்-ஐ எடுத்து நடுவில் தள்ளுவார்கள்: பட்டம். “இப்ப அந்த அட்டையை எடுத்துட்டு, முதல் எழுத்தை மாத்தி, படிக்கிறதா ஆக்கு.” ப போய் பா வரும்: பாடம். ஒரு பையன் ஒருநாள் ப, ம, ட, ம் என்று வைத்துவிட்டு, “பமடம்” என்று கம்பீரமாகப் படித்தான். அப்படின்னா என்னடா என்றேன். “பம்பரத்தோட தம்பி, டீச்சர்.” எழுத்துக் கூட்டிச் சரியாகத்தான் படித்திருக்கிறான், தட்டிக்கொடுத்தேன்.

பயிற்சித்தாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமான பிள்ளை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து நிற்கும். ஆளுக்கொரு நகல் எடுப்பதற்குப் பதில் ஐந்து தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வெள்ளைப்பலகை மார்க்கரால் எழுதி, துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பாடநூல் கியூஆர் குறியீட்டில் வரும் காணொளிகளையும் முந்தின இரவே வீட்டில் தீக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் சிக்னல் வேப்பமரத்தடியில் மட்டும்தான்.

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிறப் பொட்டு, அட்டையின் பின்பக்கம். பழைய சோப்பு டப்பாவில் போட்டு மூடியில் எத்தனை அட்டை என்று எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் குழுத் தலைவர்கள் எண்ணித் தருவார்கள், அதுவே ஒரு கணக்கு வகுப்பு. போன மாதம் பச்சைப் பொட்டு டப்பாவில் ஒரு ‘மா’ குறைந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்றார்: “துவைக்கும்போது இவன் கால்சட்டைப் பையில இருந்துச்சு டீச்சர், கல்லுல வேற அடிச்சிட்டேன்.” எழுத்து அப்படியே இருந்தது. ஓரம் மட்டும் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.