லத்தி, விசில், கைவிலங்கு: செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடை வாசலில் புதிதாக டூட்டிக்கு வந்த தம்பி ஒருவரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். பெல்ட்டில் லத்தி, மிளகு ஸ்ப்ரே, பின்பக்கம் பளபளவென்று ஒரு கைவிலங்கு. "எங்க வாங்குன தம்பி?" என்றேன். "ஆன்லைன்லண்ணே" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நேரத்துக்கு வா, தூங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும் பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போலீஸ் மாதிரி உடுத்துவது

தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005, பிரிவு 21. ராணுவம், போலீஸ் சீருடையை ஒத்த உடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

விசிலை வீட்டில் வைத்துவிட்டு வருவது

கயிற்றோடு, இடது பாக்கெட்டில் இருக்க வேண்டும். 2006இல் வந்த மத்திய மாதிரி விதிகளே அப்படித்தான் சொல்லியிருந்தன. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டத்தில் லத்தியை வீச இடம் இருக்காது. விசில் சத்தம் போய்ச் சேரும்.

பிடித்தவரைக் கட்டிப்போடுவது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

2016, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மாசி வீதியில் ஒரு துணிக்கடையில் நான் சூப்பர்வைசர். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பையோடு வெளியே போகும்போது வாசல் அலாரம் அடித்தது. புதிதாக வந்த கார்டு பாய்ந்து பிடித்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப்போய், ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டையால் இரண்டு கையையும் பின்னால் கட்டிவிட்டார். நான் வந்து பார்த்தேன். அறுத்து விடவில்லை. "போலீஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அந்த டை இறுகும், தளராது. அவன் கையைத் திருகத் திருக ஒவ்வொரு பல்லாக டக், டக்கென்று உள்ளே ஏறியிருக்கிறது. திரும்பி வந்தபோது மணிக்கட்டு வீங்கி டை சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "வலிக்குதுண்ணே, வலிக்குதுண்ணே" என்று அவன் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. அதற்குள் அவன் அம்மா பில்லோடு வந்துவிட்டார். சேலையில் இருந்த அலாரம் டேக்கைக் கழற்ற மறந்தது பில் போட்ட கவுன்டர். டையை அறுக்கலாம் என்றால் கத்தரிக்கோல் முனை உள்ளே நுழையவில்லை. மூன்றாவது மாடியில் இருந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கட்டர் வந்து, வெட்டி எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

கட்டைவிரல் பின்புறம் பல மாதம் உணர்ச்சியே இல்லை அவனுக்கு. நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கார்டு மேல் வழக்கு, இரண்டு வருடம் வாய்தா. அந்தக் கடையின் வேலை ஏஜென்சியின் கையை விட்டுப் போனது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் கதவைத் திறக்கவில்லை. அது நியாயம்தான்.

இன்றைக்கும் புதுப் பிள்ளைகள் பையில் அதே டையைக் கட்டுக்கட்டாகப் பார்க்கிறேன். ஆத்திரமாக வருகிறது. சட்டத்தின் கண்ணில் செக்யூரிட்டியும் ஒரு தனிநபர்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 40, தனிநபர் எப்போது ஒருவரைக் கைது செய்யலாம் என்று சொல்கிறது. தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவரைப் பிடிக்கலாம். மற்றபடி குற்றம் உங்கள் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாததாகவும், போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அலாரம் அடித்தது கண்ணால் பார்த்ததாகாது. பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்பது கடைசி எல்லை. ஆறு மணி நேரம் உட்கார வைக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியது இப்போது பொதுவாக ஜாமீனை உரிமையாகக் கேட்கக்கூடிய குற்றம். அதாவது 900 ரூபாய் சுங்குடிச் சேலையைக் கண் முன்னால் எடுத்தாலும் கைது செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பில்லைக் கேளுங்கள், மேனேஜரைக் கூப்பிடுங்கள், 112க்கு போன் போடுங்கள். தப்பாகத் தடுத்து நிறுத்தினால் ஒரு மாதம் வரையும், அடைத்து வைத்தால் ஓராண்டு வரையும் சிறை உங்களுக்கு.

கைவிலங்கா? போலீசே எடுத்ததற்கெல்லாம் மாட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. கடை வாசலில் நிற்கும் நமக்கு எதற்கு அது?

ஆள் உண்மையிலேயே முரண்டு பிடித்து அடிக்க வந்தால், இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வையுங்கள். குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்காராதீர்கள். மூச்சு நின்றுவிடும்.

ஓடுகிறவரை லத்தியால் அடிப்பது

பொருளைப் போட்டுவிட்டு ஓடினால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் விழும் அடி தற்காப்பு இல்லை.

ஏசி ஹாலில் மிளகு ஸ்ப்ரே

வேண்டாம். பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் கண் எரியும்.

கன்மேனின் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்வது

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது.

நேரத்தை எழுதாமல் விடுவது

யாரை, எப்போது நிறுத்தினோம், போலீசுக்கு எப்போது சொன்னோம், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று அங்கேயே நின்று நோட்டில் எழுதுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் எங்களிடம் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குக் கட்டினீங்க?" என்றுதான். நானும் அந்தக் கார்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் நோட்டில் "ஒருவரைப் பிடித்தோம்" என்ற ஒரு வரி மட்டும்தான் இருந்தது.