துறை மின்னஞ்சலைத் தண்டர்பேர்டில் அமைப்பது எப்படி: கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்பவர்களுக்காக

பல்கலைக்கழகத் துறை ஒன்றில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பயனர்பெயரும் ஒரு கடவுச்சொல்லும் ஒரு பக்க அளவிலான அமைப்புக் குறிப்பும் என்னிடம் கொடுக்கப்பட்டன. குறிப்பில் இருந்தபடியே எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். கடிதங்கள் வந்தன, பதில் எழுதினேன், அதுவும் போய்ச் சேர்ந்தது. அன்றிரவு வீட்டில் அதே மடிக்கணினியைத் திறந்து ஒரு மாணவருக்கான பரிந்துரைக் கடிதத்தை அனுப்ப முயன்றபோது, "ரிலேயிங் டினைட்" என்ற பிழைச்செய்தி வந்து நின்றது. இடையில் எந்த அமைப்பையும் நான் தொடவில்லை. மறுநாள் துறைக்குச் சென்று அனுப்பினால் போகிறது, வீட்டுக்கு வந்தால் போக மறுக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களை வேறொருவர் செலவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்கள் துறையின் அஞ்சல் பெட்டி எங்கே இருக்கிறது? பல பல்கலைக்கழகங்களில் மைய அஞ்சல் அமைப்பு ஒன்று இருக்கும். கணினியியல், இயற்பியல், கணிதம் போன்ற சில துறைகள் அதிலிருந்து விலகித் தமக்கென ஒரு வழங்கியை (சர்வர்: அஞ்சலைப் பெற்று, வைத்து, அனுப்பும் கணினி) நடத்திக்கொண்டிருக்கும். உலாவியில் உங்கள் அஞ்சலைத் திறக்கும்போது கூகுள் அல்லது மைக்ரோசாஃப்டின் நுழைவுப் பக்கம் வந்தால், அஞ்சல் பெட்டி அந்த நிறுவனங்களின் வழங்கியில் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் உங்கள் வேலை எளிது; தண்டர்பேர்டின் சரிபார்ப்பு முறையில் "ஓஆத்2" (அந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே நுழையும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்தால், உலாவிச் சாளரம் ஒன்று திறந்து மற்றவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். வேறு விதமான நுழைவுப் பக்கம் வந்தால் துறை தன் வழங்கியைத் தானே நடத்துகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இனி வருவது அப்படிப்பட்ட துறைகளில் இருப்பவர்களுக்கானது.

அஞ்சல் நிரலைப் பொறுத்தவரை என் பரிந்துரை மொசில்லா உருவாக்கிய தண்டர்பேர்ட் மட்டுமே. 2004ஆம் ஆண்டின் இறுதியில் அதன் முதல் பதிப்பு வந்தது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இயங்குகிறது. நான் அதை விரும்புவதற்கு முக்கியக் காரணம் வேறு: வழங்கியின் பெயர், போர்ட் எண் (வழங்கியில் எந்த வாயிலில் இணைவது என்பதைக் குறிக்கும் எண்), மறையாக்க முறை (வழியில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை), சரிபார்ப்பு முறை (நீங்கள் யார் என்று உறுதிசெய்யும் முறை) ஆகிய நான்கையும் அது ஒளிக்காமல் காட்டுகிறது. பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரிகிறது. கணினியோடு வரும் எளிய அஞ்சல் செயலிகள் பல இவற்றை மறைத்துவிட்டு, "இணைக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன.

முதற்படி, தகவல்களைச் சேகரிப்பது. துறையின் கணினி நிர்வாகியிடம் பின்வருவனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: உள்வரும் அஞ்சலுக்கான ஐமேப் வழங்கியின் முழுப்பெயர், வெளிச்செல்லும் அஞ்சலுக்கான எஸ்எம்டிபி வழங்கியின் முழுப்பெயர், இரண்டுக்கும் உரிய போர்ட் எண்களும் மறையாக்க முறைகளும், பயனர்பெயரின் வடிவம். இவை தவிர, "வளாகத்துக்கு வெளியிலிருந்து அனுப்பும்போது ஏதாவது மாற வேண்டுமா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறியது அதைத்தான்.

கடிதங்களைப் பெறுவதற்கான நெறிமுறைகளான ஐமேப், பாப்3 இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, ஐமேப். பாப்3 கடிதங்களை உங்கள் கணினிக்கு இறக்கிவிட்டு வழங்கியிலிருந்து நீக்கிவிடக்கூடியது. அந்தக் கணினி பழுதானால் கடிதங்களும் போய்விடும். ஐமேப்பில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும். துறைக் கணினி, வீட்டுக் கணினி, கைபேசி மூன்றிலும் ஒரே பெட்டி தெரியும்.

இரண்டாம் படி, கணக்கைச் சேர்ப்பது. தண்டர்பேர்ட் உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கும். கொடுத்தவுடன் முகவரியில் "அட்" குறிக்குப் பின்னுள்ள பகுதியை வைத்துக்கொண்டு பொருத்தமான வழங்கிகளை அதுவே தேடத் தொடங்கும். மொசில்லாவின் தரவுத்தளத்தில் பார்க்கும், கிடைக்காவிட்டால் வழக்கமான பெயர்களை ஊகித்து முயலும். துறை அஞ்சலுக்கு இந்தத் தானியங்கித் தேடலை நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மைய வழங்கியைக் கண்டுபிடித்துப் பச்சை நிறத்தில் "கிடைத்துவிட்டது" என்று காட்டும். உங்கள் கடவுச்சொல்லோ துறையின் வழங்கிக்கு உரியது. தேடல் முடிவதற்குக் காத்திராமல் "கான்ஃபிகர் மேனுவலி" என்பதை அழுத்துங்கள். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பொத்தானின் சொற்கள் சற்று மாறும். கைமுறையாக அமைப்பது என்ற பொருள்படும் எதுவாயினும் அதுவே.

உள்வரும் பகுதியில் ஐமேப் என்று தேர்ந்து, வழங்கியின் பெயரை எழுதி, போர்ட் 993, மறையாக்கம் "எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்" (தொடக்கம் முதலே மறையாக்கப்பட்ட இணைப்பு) என்று வையுங்கள். நிர்வாகி போர்ட் 143 என்று சொல்லியிருந்தால் மறையாக்கம் "ஸ்டார்ட்டிஎல்எஸ்" (சாதாரணமாகத் தொடங்கிப் பின் மறையாக்கத்துக்கு மாறும் இணைப்பு) ஆக இருக்க வேண்டும். இந்த இணைகளை மாற்றிக் கலந்தால் நிரல் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் தோல்வியடையும்.

சரிபார்ப்பு முறையில் "நார்மல் பாஸ்வேர்ட்", "என்கிரிப்டட் பாஸ்வேர்ட்" என்று இரண்டு தெரியும். இரண்டாவதுதான் பாதுகாப்பானது என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இணைப்பு முழுவதும் ஏற்கெனவே டிஎல்எஸ் மூலம் மறையாக்கப்பட்டிருப்பதால், அதனுள் செல்லும் சாதாரணக் கடவுச்சொல்லை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்த இரண்டாவது முறை இயங்க வேண்டுமானால், வழங்கி உங்கள் கடவுச்சொல்லை மீட்கக்கூடிய வடிவத்திலோ அதற்கு இணையான வடிவத்திலோ சேமித்து வைத்திருக்க வேண்டும். நன்றாக நடத்தப்படும் வழங்கிகள் பெரும்பாலும் அப்படிச் சேமிப்பதில்லை. ஆகவே "நார்மல் பாஸ்வேர்ட்" என்பதையே தேர்ந்தெடுங்கள். மறையாக்கம் "நன்" (எதுவும் இல்லை) என்று இருக்கும்போது மட்டும் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பயனர்பெயர் கட்டத்தில் தண்டர்பேர்ட் தானாக எதையாவது நிரப்பியிருக்கும். அதை அப்படியே விடாதீர்கள். சில துறைகளில் முழு முகவரியே பயனர்பெயர். பல துறைகளில் ஆய்வகக் கணினியில் நுழையப் பயன்படுத்தும் குறும்பெயர்தான் பயனர்பெயர், முகவரியின் முற்பகுதியோ வேறாக இருக்கும். கடவுச்சொல் தவறு என்ற செய்தி வந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் பயனர்பெயரைப் பாருங்கள்.

இப்போது வெளிச்செல்லும் பகுதிக்கு வருகிறேன். என்னைத் தடுக்கிவிழச் செய்த இடம் இது. இதைச் சற்று நின்று விளக்க விரும்புகிறேன்.

கடிதத்தைப் பெறுவதும் அனுப்புவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் போலத் தோன்றினாலும் அவை முற்றிலும் வேறான இரண்டு வழங்கிகளோடு, வேறான நெறிமுறைகளில் நடக்கும் வேலைகள். ஒன்று சரியாக இருப்பது மற்றொன்றைப் பற்றி எதையும் சொல்லாது. எனக்குக் கொடுக்கப்பட்ட பழைய குறிப்பில் வெளிச்செல்லும் அஞ்சலுக்குப் போர்ட் 25 என்றும், சரிபார்ப்பு தேவையில்லை என்றும் இருந்தது. வளாக வலையமைப்புக்குள் இருக்கும் கணினிகளை அவற்றின் ஐபி முகவரியைக் கொண்டே அடையாளம் கண்டு, கடவுச்சொல் கேட்காமலே அவற்றின் கடிதங்களை ஏற்றுக்கொள்ளும்படி அந்த வழங்கி அமைக்கப்பட்டிருந்தது. துறை நாற்காலியில் அமர்ந்திருந்த நேரம் வரையில் நான் "உள்ளே" இருந்தேன். வீட்டுக்குப் போனதும் என் மடிக்கணினி, வழங்கியின் பார்வையில், யாரோ ஓர் அந்நியர். அந்நியரின் கடிதத்தை மூன்றாம் இடத்துக்குக் கடத்திவிட மாட்டேன் என்பதே "ரிலேயிங் டினைட்" என்பதன் பொருள். அப்படி மறுப்பது சரியானதே. மறுக்காத வழங்கியை எரிதஞ்சல் (ஸ்பேம்) அனுப்புவோர் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தீர்வு: போர்ட் 587, மறையாக்கம் "ஸ்டார்ட்டிஎல்எஸ்", சரிபார்ப்பு "நார்மல் பாஸ்வேர்ட்", பயனர்பெயர் உள்வரும் பகுதியில் கொடுத்ததே. துறையின் வழங்கி ஆதரித்தால் போர்ட் 465, "எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்" என்பது இன்னும் நல்லது. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் அதையே பரிந்துரைக்கிறது. போர்ட் 25 வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கானது. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் அது அடைக்கப்பட்டே இருக்கும்.

அமைத்து முடித்ததும் சோதனையை வளாக வலையமைப்பிலிருந்து செய்யாதீர்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, அங்கிருந்து உங்களுடைய வேறொரு முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அது போனால் பெரும்பாலும் எங்கிருந்தும் போகும்.

இதே இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டர்பேர்ட் வெளிச்செல்லும் வழங்கிகளைக் கணக்குகளோடு சேர்த்து வைக்காமல், கணக்கு அமைப்புகளின் இடப்பக்கப் பட்டியலில் கடைசியாகத் தனியே வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஜிமெயில் கணக்கு இருந்தால், துறைக் கணக்கும் அந்த வழங்கி வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அப்போது பிழைச்செய்தி எதுவும் வராது, அனுப்புநர் முகவரி மட்டும் ஜிமெயில் முகவரியாக மாறிப் போய்ச் சேரும். துறைக் கணக்கின் பெயரைச் சொடுக்கி, அந்தப் பக்கத்தின் அடியில் எந்த வெளிச்செல்லும் வழங்கி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கோப்புறைகள். கடிதத்தை எஸ்எம்டிபி வழியாக அனுப்பிய பிறகு, அதன் பிரதியைத் தண்டர்பேர்ட் தனியாக ஐமேப் வழியாக "சென்ட்" கோப்புறையில் ஏற்றுகிறது. அந்தக் கோப்புறை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், கடிதம் போய்விட்டது, பிரதியைச் சேமிக்க முடியவில்லை என்று ஒரு சாளரம் வரும். அவசரத்தில் அதைப் படிக்காமல் மீண்டும் மீண்டும் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் பெறுநருக்கு ஒரே கடிதம் பலமுறை போகும். "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" பகுதிக்குச் சென்று, அனுப்பியவை, வரைவுகள் இரண்டும் வழங்கியில் உள்ள சரியான கோப்புறைகளைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள். உலாவியில் தெரியும் "சென்ட்" கோப்புறையும் இதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பழைய யூனிக்ஸ் வழங்கிகள் சிலவற்றில், கணக்கைத் திறந்தவுடன் கோப்புறைப் பட்டியலில் அஞ்சலோடு தொடர்பில்லாத பெயர்கள், நிரல் கோப்புகள், ஆய்வேட்டு வரைவுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வழங்கி உங்கள் முழு வீட்டு அடைவையும் (ஹோம் டைரக்டரி: உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) அஞ்சல் பெட்டியாகக் காட்டுவதே காரணம். "சர்வர் செட்டிங்ஸ்", "அட்வான்ஸ்ட்" வழியே சென்று "ஐமேப் சர்வர் டைரக்டரி" என்ற கட்டத்தில் நிர்வாகி சொல்லும் அடைவின் பெயரை, பெரும்பாலும் "மெயில்" என்பதை, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதி நிரலை மூடித் திறந்தால் பட்டியல் சீராகிவிடும். மாறாக, இருக்க வேண்டிய கோப்புறை தெரியவில்லை என்றால் கணக்கின் மீது வலச்சொடுக்கி "சப்ஸ்கிரைப்" பட்டியலில் அதைக் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

வழங்கியின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கைச் சாளரம் வந்தால் "கன்ஃபர்ம்" பொத்தானை உடனே அழுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வழங்கிக்கு இரண்டு பெயர்கள் இருந்து, சான்றிதழ் ஒரு பெயருக்கு மட்டும் வாங்கப்பட்டிருப்பது துறைகளில் சாதாரணம். சான்றிதழில் உள்ள பெயர் எது என்று நிர்வாகியிடம் உறுதிசெய்து, அந்தப் பெயரையே அமைப்பில் எழுதினால் எச்சரிக்கை நின்றுவிடும். விசாரிக்காமல் விதிவிலக்கு அளித்தால், நாளை உண்மையாகவே யாரோ இடையில் புகுந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றி அமைத்தவர்களிடமிருந்து மேலும் இரண்டு சிக்கல்கள் தெரியவந்தன. ஒன்று, துறைக் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு பெறுவது சரியாகி, அனுப்புவது மட்டும் நின்றுபோவது. தண்டர்பேர்ட் இரண்டு வழங்கிகளுக்கும் கடவுச்சொல்லைத் தனித்தனியே சேமிக்கிறது. "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் சேமித்த கடவுச்சொற்களைத் திறந்து, துறைக்கு உரிய இரண்டு பதிவுகளையும் நீக்குங்கள். அடுத்த முறை நிரலே புதிதாகக் கேட்கும். கைபேசியிலும் அதே நாளில் மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தால் வழங்கி உங்கள் கணக்கையே சிறிது நேரம் பூட்டிவிடக்கூடும்.

மற்றொன்று, நிரலைப் புதுப்பித்ததும் இணைப்பு முற்றிலும் அறுந்துபோவது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், டிஎல்எஸ் 1.2க்குக் குறைந்த இணைப்புகளை இயல்பாக ஏற்பதில்லை. துறையின் வழங்கி அதைவிடப் பழையதாக இருந்தால் புதுப்பிக்க வேண்டியது வழங்கியைத்தான். உங்கள் பக்கம் பாதுகாப்பைக் குறைக்கும் வழிகளைத் தேடாமல், பிழைச்செய்தியின் படத்தையும் தண்டர்பேர்டின் பதிப்பு எண்ணையும் சேர்த்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். அது சரியாகும்வரை உலாவி வழியாக அஞ்சலைப் பார்த்துக்கொள்ளலாம்.