விசுவாசம் தளரும்போது ஜெபிப்பது எப்படி?

என் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஆகும். வார்டுக்கு வெளியே பக்கத்தில் வந்து உட்காரும் பெண்கள், "எப்படிக்கா இன்னும் கர்த்தரை நம்புறீங்க?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மனதில் கிடப்பதை முதலில் கர்த்தரிடம் கொட்டிவிடுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்தோத்திரம் வாயில் வராது, வராவிட்டால் பரவாயில்லை. பைபிளில் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே தாவீது நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 88-ஆம் சங்கீதமோ கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. உங்கள் அழுகையும் அவருக்குக் கேட்கக்கூடாத சத்தமில்லை.

அப்புறம், அன்றைய தேவையை மட்டும் கேளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் அன்றாடம் கொடுத்த ஆகாரமான மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு ஜெபமே வராது. "ஆண்டவரே, இன்றைக்குக் கையில் ஊசி ஒழுங்காக ஏற வேண்டும், பாதியில் பிரஷர் இறங்கக்கூடாது, கால் நரம்பு இழுக்கக்கூடாது" என்று கேட்பேன். சின்ன விஷயம்தானே என்று தயங்காதீர்கள். இப்படிக் கேட்டால்தான், கிடைத்ததும் அது கிடைத்தது என்று தெரியும்.

ராத்திரி தூக்கம் வராதபோது சங்கீதம் 4-இன் கடைசி வசனத்தைச் சொல்லிக்கொண்டே படுங்கள்.

சுத்தமாக ஜெபிக்கவே முடியாத நாளும் வரும். அன்றைக்குச் சபையில் நெருக்கமான ஒருவருக்குப் போன் போட்டு, "எனக்காக நீங்க ஜெபிங்க" என்று சொல்லிவிடுங்கள். கூடவே, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் உங்களுக்குப் பதில் உட்காரவும் சொல்லுங்கள். நம் ஆட்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று யார் கேட்டாலும் காதில் வாங்காதீர்கள். வியாதியில் சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும், ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. அந்த அதிகாரத்தை, ஏசாயா 38-ஐ, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு, மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். உபவாசக் கூட்டம் என்றாலும் சரி, பண்டிகை என்றாலும் சரி, டயாலிசிஸை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.